குத்துச்சண்டை வீரர் ஐவர்

இராவுணவு முடிந்து படிப்பு மணி அடிக்கும் வரையுள்ள அரைமணி நேரத்தில் எம் விடுதியில் எழும் வாதங்கள் பலதிறத்தன. கம்பர் காலம் யாது என்பதும், அன்று வார்த்தது மோரில் நீரா, நீரில் மோரா என்பதும் ஆண்டுதோறும் எழுந்து ஆண்டுதோறும் தீராது நிற்பவை. சென்ற பருவத்தில் இவற்றோடு மற்றொன்றும் சேர்ந்தது. பழைய குத்துச்சண்டைகளின் ஒளிப்பதிவுகளைத் தேடித் தேடிக் காணும் இயல்பினராகிய அறைத்தோழர் ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் எழுபதுகளில் விளங்கிய கனவெடை வீரருள் ஜோ பிரேசியரே தலையாயவர் என்று ஒருநாள் மொழிந்தார். முகம்மது அலியின் பெயரைத் தவிரப் பிறர் பெயரறியா யாம் நகைத்தோம். நகைத்தவர் நகைத்ததற்குக் காரணம் காட்டவேண்டும் என்று அவர் கூறவே, யாமும் அப்பதிவுகளை ஒவ்வொன்றாய்க் காணத் தொடங்கினோம். அவ்வாறு கண்டு யாம் தெளிந்தவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் குத்துச்சண்டை என்னோ எனின், மெய்வலியாற் பொருவாரை அளந்து பாடுதல் நம் சான்றோர்க்குப் புதிதன்று. ஆமூர் மல்லனொடு போர்வைக் கோப்பெருநற்கிள்ளி பொருத செய்தி புறநானூற்றில் உண்டு. ஆங்குப் புலவர் பாராட்டுவது வெற்றி ஒன்றனையே அன்று. வெல்லப்பட்டவனுடைய பெருவலியையும் கூறியே வென்றவனை உயர்த்துகின்றார். எளியவனை வீழ்த்தினான் புகழ் எளிய புகழே. யாம் வரிசைப்படுத்துதற்கு இதனையே முதல் அளவுகோலாகக் கொண்டோம்.

ஆட்டத்தின் இயல்பை அறியாதார் பொருட்டுச் சில கூறுவாம். அக்காலத்தில் 175 ராத்தலுக்கு மேற்பட்ட எடையுடையார் யாவரும் கனவெடையினர் ஆவர். மேல் எல்லை இல்லை. ஆதலின் 205 ராத்தல் உடையானும் 220 ராத்தல் உடையானும் ஒரே களத்தில் எதிர்ந்தனர். பட்டத்துக்கு உரிய போர் பதினைந்து சுற்றுக்களை உடையது. ஒவ்வொரு சுற்றும் மூன்று நிமிடம். இடையே ஒரு நிமிடம் ஓய்வு. வீழ்ந்தவன் பத்தெண்ணி முடிவதற்குள் எழாவிடின் அவன் தோற்றவன். எழுந்தும் காத்துக்கொள்ளும் ஆற்றல் அற்றான் என நடுவர் கண்டால் போரை நிறுத்துவார். அவ்வாறு நிகழாது எல்லாச் சுற்றுக்களும் முடியுமாயின், ஒவ்வொரு சுற்றிலும் மேம்பட்டவர் யாவர் என மதிப்பாளர் எழுதி வைத்த கணக்கைக் கூட்டி முடிவு கூறுவர். இம் மதிப்பாளர் கணக்கினால் விளைந்த பூசல்கள் குத்துக்களால் விளைந்தவற்றினும் மிகுதி என்பதைப் பின்னர்க் காண்போம்.

யாம் எடுத்துக்கொண்ட காலத்துக்கு எல்லை வகுத்தல் எளிதாயிற்று. 1970-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ஜோ பிரேசியர் ஜிம்மி எல்லிசை வென்று பிளவுபடாத பட்டத்தை எய்தினார். அவ்வாண்டு அக்டோபரில் அலி மூன்றரை ஆண்டுகட்குப்பின் களத்துக்கு மீண்டார். 1979-ஆம் ஆண்டு முடிவிலோ அலி ஓய்வு கூறியிருக்க, லாரி ஹோம்ஸ் தலைமை பெற்றிருந்தார். இப் பத்தாண்டுகளே எம் எல்லை.

இக்காலத்தை அறிஞர் பலரும் கனவெடைக் குத்துச்சண்டையின் பொற்காலம் என்பர். காரணம் வெளிப்படை. வேறு காலங்களில் ஒருவர் தனித்து ஓங்கி நிற்க, ஏனையோர் அவர் காலடியிற் கிடப்பர். இக்காலத்திலோ ஒருவரை ஒருவர் வெல்லத்தக்கார் ஐவர் ஒருங்கே தோன்றினர்; அவ்வைவரும் ஒருவருக்கொருவர் அஞ்சி ஒதுங்கினாரல்லர்.

இதனாலேயே வரிசை வகுத்தல் அரிதாகின்றது. 1971-இல் பிரேசியர் அலியை வென்றார். 1973-இல் ஜார்ஜ் போர்மன் பிரேசியரை இரண்டே சுற்றில் வீழ்த்தினார். 1974-இல் அலி போர்மனை வீழ்த்தினார். வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. இதனிடையே கென் நார்ட்டன் என்பார் 1973-இல் அலியின் தாடை எலும்பை முறித்து வென்றார். அந் நார்ட்டனைப் போர்மன் மறு ஆண்டே இரண்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். 'அ'வினும் 'ஆ' பெரிது, 'ஆ'வினும் 'இ' பெரிது, ஆதலின் 'அ'வினும் 'இ' பெரிது என்னும் கணிதம் ஈண்டுப் பயன்படாது. ஒருவருடைய முறை மற்றொருவருடைய முறைக்குப் பகையாய் அமைகின்றது. முன்னோக்கி நெருங்கி வருபவரைத் தகர்த்தற்கு என்றே போர்மனுடைய கைகள் அமைந்தன போலும். பிரேசியரும் நார்ட்டனும் முன்னோக்கி வருபவர்கள். விலகி விலகி நின்று பொருபவர்க்கோ போர்மன் தடுமாறினார். ஆகவே, யார் யாரை வென்றார் என்பதோடு, எந்நிலையில் வென்றார், எத்தனை வேறுபட்ட முறையினரை வென்றார், தோற்றபோது எவ்வாறு தோற்றார் என்பவற்றையும் ஆராய வேண்டியதாயிற்று.

முதலிடம் முகம்மது அலிக்கே என்பது எம் துணிபு. எனினும் பலரும் கூறும் காரணங்களால் அன்று.

அலி, கெந்தக்கி மாகாணத்து லூயிவில் நகரில் 1942-இல் காசியஸ் கிளே என்னும் பெயரோடு பிறந்தவர். 1960-இல் ரோம் ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப்பதக்கமும், 1964-இல் சன்னி லிஸ்டனை வென்று உலகப்பட்டமும் பெற்றவர். 1967 ஏப்ரலில், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், தம் சமயக் கொள்கை காரணமாகப் படையிற் சேர மறுத்தார். பட்டம் பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. மேல் முறையீட்டால் சிறை புகாதிருந்தாரேனும் களம் புகவும் இயலவில்லை. 1971 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. இருபத்தைந்தாம் அகவை முதல் இருபத்தெட்டாம் அகவை வரை, ஒரு வீரன் தன் முழுவலியோடு இருக்குங் காலத்தில், அவர் ஒருமுறையும் பொருதிலர். மீண்டு வந்த அலியின் கால்கள் பழைய கால்கள் அல்ல. இளமையில் அவரைத் தொடுதலே அரிதாயிருந்தது. எழுபதுகளிலோ அவர் குத்து வாங்கினார்.

யாம் அவரை முதல்வர் எனக் கூறுதற்கு இதுவே காரணமாம். விரைவினால் வென்றுவந்த ஒருவர் அவ் விரைவு குறைந்த பின்னும் வெல்லும் வழி கண்டார். இப்பத்தாண்டில் அவர் பிரேசியரை இருமுறையும், நார்ட்டனை இருமுறையும், ஜெரி குவாரியை இருமுறையும், போர்மனை ஒருமுறையும் வென்றார்; ரான் லைல், எர்னி ஷேவர்ஸ், ஜிம்மி யங், ஆஸ்கர் போனவீனா ஆகியோரும் அவரிடம் தோற்றனர். தோல்வியோ மூன்று: பிரேசியரிடம் ஒன்று, நார்ட்டனிடம் ஒன்று, லியான் ஸ்பிங்சிடம் ஒன்று. இம்மூவரையும் பின்னர் அவர் வென்றமை கருதத்தக்கது. இத்தகைய பட்டியல் அக்காலத்து வேறெவர்க்கும் இல்லை.

கின்ஷாசாப் போரைச் சிறிது விரித்துரைப்பாம். ஆப்பிரிக்காவில், அந்நாளில் சையீர் எனப் பெயர் வழங்கிய நாட்டில், 1974 அக்டோபர் 30-ஆம் நாள் வைகறை நான்கு மணியளவில் அது நடைபெற்றது. அமெரிக்க மக்கள் தம் இல்லங்களில் உறங்கப்போகுமுன் காணவேண்டும் என்பதே அவ் வேளைக்குக் காரணம். முதலில் செப்டம்பரில் நடைபெற இருந்தது. பயிற்சியிற் போர்மனின் கண்ணருகே வெட்டுக்காயம் நேர்ந்தமையால் ஐந்து வாரம் தள்ளிவைக்கப்பட்டது. இருவர்க்கும் தலைக்கு ஐம்பது இலட்சம் டாலர். அலிக்கு அகவை 32, போர்மனுக்கு 25. போர்மன் அதுகாறும் நாற்பது போர்களிற் பொருது நாற்பதும் வென்றவர். அலியை வென்ற பிரேசியரையும் நார்ட்டனையும் அவர் இரண்டிரண்டு சுற்றிலேயே வீழ்த்தியிருந்தார். அலி உயிரோடு மீள்வாரோ என்று அவருடைய அன்பர்களே அஞ்சினராம்.

முதற் சுற்றில் அலி இடக்கையை நீட்டி அளக்காமல் வலக்கையால் நேரே குத்தினார். இது முறையன்று, வலக்கை நெடுந்தொலைவு வரவேண்டுமாதலின் எதிரி அதனைக் கண்டுகொள்ளக்கூடும். எதிர்பாராமையே அதன் பயன். ஆயினும் போர்மன் வீழவில்லை. அதன்மேல் அலி செய்ததைக் கண்டு அவருடைய பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டியே பதறினார். களத்தைச் சூழ்ந்த கயிற்றின்மேற் சாய்ந்து, இருகைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டு, போர்மனைக் குத்தவிட்டார். கயிறு வளைந்து கொடுத்தமையால் குத்தின் வேகத்தில் ஒரு பங்கு கயிற்றுக்குப் போயிற்று. பெரும்பங்கு கைகளிலும் விலாவிலும் விழுந்தது. இடையிடையே போர்மனின் கழுத்தைப் பற்றிக் கீழே அழுத்தினார்; காதருகே ஏளனமும் பேசினார். நிலத்தை உழுது களைத்த எருதுபோல் போர்மன் ஐந்தாஞ் சுற்றில் இளைத்தார். எட்டாஞ் சுற்றின் இறுதியில் கயிற்றினின்றும் அலி சடுதியிற் திரும்பினார். இடக்கையும் வலக்கையும் அடுத்தடுத்து விழுந்தன. போர்மன் சுழன்று வீழ்ந்தார். எண்ணி முடிவதற்குள் அவரால் எழ இயலவில்லை.

இப்பதிவை யாம் எத்துணை முறை கண்டோம் என்று கூறின் தேர்வாளர் சினப்பர். முதன்முறை காணுங்கால் அலி தோற்றுக்கொண்டிருப்பதாகவே தோன்றும். முடிவறிந்து மீண்டுங் காணும்போதுதான், கயிற்றிற் சாய்ந்திருந்தவரே போரை நடத்தினார் என்பது விளங்கும்.

அலியின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. 1976 ஏப்ரலில் ஜிம்மி யங்கோடும், அவ்வாண்டு செப்டம்பரில் யாங்கி விளையாட்டரங்கில் நார்ட்டனோடும் அவர் பொருதவற்றில், மதிப்பாளர் அவருக்கே வெற்றி கூறினராயினும், கண்டோர் பலர் அதனை ஏற்றிலர். நார்ட்டன் போரைத் தாளும் எழுதுகோலும் கொண்டு சுற்றுச் சுற்றாய்க் குறித்துப் பார்த்தோம். எம் கணக்கில் நார்ட்டனுக்கு ஒரு சுற்று மிகுந்தது. மறுநாள் மீண்டும் பார்த்தபோதும் அவ்வாறே வந்தது. புகழ் பெற்றவனுக்கு ஐயத்தின் பயனை அளித்தல் மதிப்பாளர் இயல்பு போலும். அப்போரை நார்ட்டனுடையதாகவே கொண்டாலும் அலியின் முதலிடம் அசையாது என்பதனால் அவ்வழக்கை ஈண்டு நீட்டுகின்றிலோம்.

இனி, எம்மைப் பல நாள் உறங்கவிடாதது இரண்டாம் இடமே. பிரேசியரோ? போர்மனோ?

எம் நெஞ்சம் பிரேசியரை விழைந்தது. தென் கரோலினாவில் வறிய உழவர் குடியிற் பிறந்து, பிலடெல்பியா நகர்க்கு வந்து இறைச்சிக்கூடத்தில் தொழில் செய்துகொண்டே பயின்றவர் அவர். 1964-இல் டோக்கியோவில் பெருவிரல் முறிந்த கையோடு தங்கப்பதக்கம் வென்றார். ஆறடிக்கும் சற்றுக் குறைந்த உயரம்; கனவெடையினர்க்கு அது குறளே. ஆதலால் எதிரியின் நீண்ட கைக்குட் புகுந்தே பொருதல் வேண்டும். தலையையும் தோளையும் ஓயாது அசைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து, புகைவண்டி எஞ்சின்போல் முன்னேறிச் செல்வார். 'ஊக்' என்று வழங்கும் வளைகுத்தை இடக்கையால் எறிவதில் அவர்க்கு நிகர் யாரும் இலர்.

1971 மார்ச் 8-ஆம் நாள் நியூயார்க்கு நகரின் மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் அவரும் அலியும் முதன்முறை எதிர்ந்தனர். ஒரு தோல்வியும் அறியாத இரு சாம்பியன்கள் கனவெடைப் பட்டத்துக்காகப் பொருதது அதுவே முதன்முறை. தலைக்கு இருபத்தைந்து இலட்சம் டாலர் ஊதியம். பாடகர் பிராங்கு சினாட்ரா இருக்கைக்காகவன்றி நிழற்படம் எடுக்கும் பணி பெற்றுக் களத்தருகே நின்றார். பதினைந்தாஞ் சுற்றில் பிரேசியரின் இடக்கை வளைகுத்து அலியின் தாடையில் இறங்கியது; அலி மல்லாந்து வீழ்ந்தார். வீழ்ந்தவர் உடனே எழுந்ததும் வியப்பே. நடுவரும் மதிப்பாளர் இருவரும் ஒருமிடறாகப் பிரேசியர்க்கே வெற்றி கூறினர். மீண்டு வந்த அலியை நிறைவலியில் யாரேனும் வென்றார் எனில், அவர் இவரே.

மனிலாப் போரோ இதனினும் கொடிது. 1975 அக்டோபர் முதல்நாள், பிலிப்பைன் நாட்டில், காலை வெயில் ஏறிய வேளையில், காற்றோட்டமில்லா அரங்கில் பதினான்கு சுற்று நிகழ்ந்தது. பிரேசியரின் கண்கள் வீங்கி மூடின. பதினைந்தாஞ் சுற்றுக்கு அவர் எழ முயன்றபோது, பயிற்சியாளர் எடி பட்சு அவர் தோளை அழுத்தி அமரச்செய்து போரை முடித்தார். எதிர்மூலையிலிருந்த அலியும் எழும் நிலையில் இல்லை. சாவுக்கு அத்துணை அருகில் தாம் வேறெப்போதும் சென்றதில்லை என்று அவரே பின்னர் உரைத்தார். வெண்ணிப் பறந்தலையில் வென்ற கரிகாலன் முகத்தெதிரே, தோற்று வடக்கிருந்த சேரனே உயர்ந்தோன் என்று வெண்ணிக்குயத்தியார் பாடிய துணிவை யாம் வகுப்பிற் பயின்றபோது, அஃது எவ்வாறு இயலும் என ஐயுற்றோம். மனிலாவின் பதிவைக் கண்டபின் ஐயம் நீங்கிற்று.

அலி பிரேசியரைக் குறித்துக் கூறிய சொற்களையும் ஈண்டு மறத்தற்கில்லை. களத்துக்கு வெளியே அலி அவரைக் குரங்கென்றும் வெள்ளையர்க்கு அடிமை என்றும் பலரறிய இகழ்ந்தார். அலி களத்திலிருந்து விலக்கப்பட்டிருந்த காலத்தில் அவர் மீண்டு வருதற்குத் துணை நின்றவர் பிரேசியர். அப் புண் குத்துக்களால் ஆன புண்ணைவிட நெடுநாள் ஆறாதிருந்தது. 2001-இல் அலி செய்தித்தாள் வாயிலாக வருத்தம் தெரிவித்தார். பிரேசியர் 2011-இல் மறைந்தார்; அவருடைய இறுதிச்சடங்குக்கு அலி நோயுற்ற உடலோடு வந்திருந்தார்.

இவையெல்லாம் கூறியும் யாம் போர்மனையே இரண்டாமவர் ஆக்குகின்றோம். புலவர்க்குத் தோற்றவனை உயர்த்தும் உரிமை உண்டு. வரிசை வகுப்பார்க்கு அவ்வுரிமை இல்லை. 1973 ஜனவரி 22-ஆம் நாள் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் போர்மன் பிரேசியரை இரண்டு சுற்றுக்குள் ஆறுமுறை தரையில் வீழ்த்தினார். ஒரு குத்தில் பிரேசியரின் இருகால்களும் நிலத்தை விட்டு எழுந்ததைப் பதிவிற் காணலாம். அன்று பிரேசியர் தோல்வி காணாத சாம்பியன், தளர்ந்த கிழவரல்லர். 1976-இல் மீண்டும் எதிர்ந்தபோதும் ஐந்தாஞ் சுற்றிற் போர்மனே வென்றார். இருவர் நேருக்கு நேர் இருமுறை பொருது இருமுறையும் ஒருவரே எளிதில் வென்றிருக்க, தோற்றவரை மேலே வைப்பது அன்பேயன்றி நடுவுநிலை ஆகாது. நார்ட்டனையும் அவர் இரண்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். ரான் லைலோடு 1976 ஜனவரியில் பொருத போரில் தாமும் இருமுறை வீழ்ந்து எழுந்து ஐந்தாஞ் சுற்றில் வென்றார்; நெஞ்சுரம் இல்லாதவர் என்ற பழியை அன்று துடைத்தார். முறைதவறிய முரட்டுப் போர் எனச் சிலர் அதனை இகழ்வர். எமக்கோ அது கண்கொள்ளாக் காட்சி.

பிரேசியர்க்குச் சான்று கூறும் எம் தோழர், 'போர்மன் ஜிம்மி யங்கிடம் தோற்றாரே, பிரேசியர் அலியிடமும் போர்மனிடமும் அன்றி வேறெவரிடமும் தோற்றதுண்டோ?' என்று வினவினார். வினா வலிது. பிரேசியரின் வாழ்நாளில் நான்கே தோல்வி. நான்கும் அவ் விருவரிடமே. போர்மனோ 1977 மார்ச்சில் போர்ட்டோ ரிக்கோவில் யங்கினிடம் கடைசிச் சுற்றில் வீழ்ந்தும் எழுந்து, பன்னிரண்டு சுற்று முடிவில் மதிப்பாளர் கணக்கில் தோற்றார். தராசின் ஒரு தட்டில் இத்தோல்வியை இடுகின்றோம். மற்றைத் தட்டில் கிங்ஸ்டனை இடுகின்றோம். கிங்ஸ்டனே தாழ்கின்றது.

அத்தோல்விக்குப்பின் ஆடை மாற்றும் அறையில் போர்மன் தம் உள்ளத்திற் பெரியதொரு மாற்றம் எய்தினார். இயேசுவின் பெயரை உரக்கக் கூவினதாக அவரே வரைந்துள்ளார். குத்துச்சண்டையை விடுத்துப் பத்தாண்டு ஹூஸ்டனில் போதகராயிருந்தார். அங்கு நிறுவிய இளைஞர் கழகத்துக்குப் பொருள் தேடியே 1987-இல் களத்துக்கு மீண்டார் என்பர். 1994-இல் நாற்பத்தைந்தாம் அகவையில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மீண்டும் பட்டம் எய்தினார். அச்செயல் எம் பத்தாண்டு எல்லைக்குப் புறம்பானது. ஆதலின் கணக்கிற் சேர்த்திலோம். அவர் 2025 மார்ச்சில் மறைந்தார்.

ஆக, மூன்றாமவர் பிரேசியர்.

நான்காம் இடமும் ஐந்தாம் இடமும் ஒரே இரவில் முடிவுபெற்றன எனலாம். 1978 ஜூன் 9-ஆம் நாள் லாஸ் வேகாசில் லாரி ஹோம்சும் கென் நார்ட்டனும் பதினைந்து சுற்றுப் பொருதனர். பதினான்கு சுற்று முடிவில் எவர் மேம்பட்டார் என்று கூறல் இயலவில்லை. கடைசிச் சுற்றில் இருவரும் காத்தலை மறந்து குத்திக்கொண்டனர். மூன்று மதிப்பாளரின் கணக்கும் 143-க்கு 142. இருவர் ஹோம்சுக்கும் ஒருவர் நார்ட்டனுக்கும் எழுதினர். ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கைமாறியது.

ஹோம்ஸ் முன்னாளில் அலிக்கும் பிரேசியருக்கும் பயிற்சித் தோழராயிருந்து அடி வாங்கிக் கற்றவர். 'ஜாப்' எனப்படும் இடக்கை நேர்குத்து அவருடைய படைக்கலம். அது வீழ்த்தும் குத்தன்று. எதிரியைத் தள்ளி நிறுத்தி, கண்ணை மறைத்து, அடுத்த குத்துக்கு வழி செய்வது. எழுத்தாணிக்கு ஓலை இருப்பதுபோல் ஏனைக் குத்துக்கட்கு அதுவே இடமாம். எர்னி ஷேவர்ஸ் என்னும் பெருங்குத்தாளரை அவர் 1978-இலும் 1979-இலும் வென்றார். இரண்டாவது போரில் ஏழாஞ் சுற்றில் ஷேவர்சின் வலக்கைக் குத்தால் மரம்போல் வீழ்ந்தவர், எழுந்து பதினோராஞ் சுற்றில் வென்றது சிறப்பு. எனினும் அவருடைய நெடுங்கால ஆட்சி எண்பதுகளிலேயே நிகழ்ந்தது. காலத்தின் எல்லையை விரித்தால் அவர் மேலும் உயர்வர்; விரித்தற்கு எமக்கு உரிமை இல்லை.

நார்ட்டனின் ஊழ் விந்தையானது. சாம்பியன் எனப் பெயர் பெற்றும் பட்டத்துக்கான போர் ஒன்றிலும் அவர் வென்றதில்லை. 1978-இல் லியான் ஸ்பிங்ஸ் அலியை வென்றபின், நார்ட்டனோடு பொருவதை விடுத்து அலியோடு மீண்டும் பொருத விரும்பினார். உலகக் குத்துச்சண்டைக் கழகம் அவர் பட்டத்தை நீக்கி, முன்னாண்டு ஜிம்மி யங்கை வென்றிருந்த நார்ட்டனுக்கு அதனை அளித்தது. அடுத்த போரிலேயே ஹோம்சிடம் இழந்தார். அலியோடு மூன்றுமுறை, முப்பத்தொன்பது சுற்று, ஏறத்தாழச் சமமாகவே நின்றார். கைகளைக் குறுக்கே வைத்துக் காத்து, கால் இழுத்து முன்னேறும் அவர் முறை அலிக்கு என்றும் புரியாத புதிர். அதே முறை பெருங்குத்தாளர்முன் பயன்படவில்லை: போர்மன் இரண்டு சுற்றிலும், ஷேவர்ஸ் 1979-இல் ஒரே சுற்றிலும் அவரை வீழ்த்தினர். ஆதலின் அலிக்கு நிகராய் நின்றவரை ஐந்தாம் இடத்தில் வைக்க நேர்ந்தது.

ஐவர்க்கு வெளியே நின்றோருள் ஜிம்மி யங்கையே ஆறாமவர் என்போம். குத்தில் வலியில்லை, ஆயினும் போர்மனை வென்றார், அலியை வென்றதாகவே பலர் கருத நின்றார். சிறையிலிருந்தபோது குத்துச்சண்டை பயின்ற ரான் லைலும், துணிவு மிக்க ஜெரி குவாரியும் வேறொரு பத்தாண்டிற் பிறந்திருப்பின் பட்டம் பெற்றிருத்தல் கூடும். அலியும் போர்மனும் பிரேசியரும் குத்தியும் ஒருமுறையேனும் தரையில் வீழாத கனடா நாட்டு ஜார்ஜ் சுவாலோவை வரிசையிற் சேர்க்க வழியில்லையேனும் குறிப்பிடாது விடவும் மனமில்லை.

இவ்வீரர் அப்போர்களுக்குக் கொடுத்த விலையையும் அறிந்தே இவ்வரிசையை வகுத்தோம். அலிக்கு 1984-இல் நடுக்குவாத நோய் எனத் தெரிந்தது. 2016-இல் இறக்குங்காறும் அது நீங்கவில்லை. குவாரி அறிவு மழுங்கி 1999-இல் ஐம்பத்துமூன்றாம் அகவையில் இறந்தார். ஜிம்மி எல்லிசுக்கும் இறுதியில் நினைவு அழிந்தது. 1982-இல் இலகுவெடைப் போரொன்றிற் கொரிய நாட்டு இளைஞர் ஒருவர் இறந்த பின்னர்ப் பதினைந்து சுற்று பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டது. மனிலாவின் பதினான்காஞ் சுற்றை இனி எவரும் காணார். அதனைக் குறித்து எமக்கு வருத்தம் உண்டோ என்று தோழர் வினவ, யாம் விடை கூறாதிருந்தோம்.

நம் நாட்டோடு இவர்க்குற்ற தொடர்பு ஒன்று உண்டு. 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில், பழைய பகைவரும் நண்பருமாகிய ஜிம்மி எல்லிசோடு காட்சிப்போர் நிகழ்த்தினார். சார்பட்டாப் பரம்பரை, இடியாப்பப் பரம்பரை என அணி பிரிந்து குத்துச்சண்டையை நெடுங்காலம் பேணிய வடசென்னைக்கு அது திருவிழாவேயாயிற்று.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் தோழரிடம் படித்துக் காட்டினோம். கிங்ஸ்டனைப் பற்றிய பகுதி வரை பேசாது கேட்டிருந்தவர், எழுந்து சென்று தம் மேசைக்கு மேலே சுவரில் ஐவர் பெயரையும் கரிக்கோலால் எழுதினார். முதலில் பிரேசியர், ஏனையோர் எம் வரிசைப்படியே.